வலியும் நாணமும்: பெண்களின் மருத்துவ வரலாற்றில் சில பக்கங்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். மலைவாழ் மக்களிடையே மருத்துவமும் கல்வியும் வழங்கிய ஆங்கிலேயத் தம்பதியரின் மகன். பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த அவர், ஓர் உண்மையை உலகிற்கு உணர்த்தினார். வலி தெரியாமையால்தான் அந்நோயாளிகளின் விரல்கள் காயமுற்றுச் சிதைகின்றன. வலி என்பது உடலின் காவலன்.

காவலன் குரல் கொடுத்தால் எழுந்து பார்ப்பதே அறிவுடைமை. நம் இல்லங்களிலோ, பெண்களின் வலியை ‘பொறுத்துக்கொள்’ என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம். ஸப்ர் என்பது சிகிச்சையைத் தவிர்ப்பதன்று. மர்யம் (அலை) அவர்கள் பேரீச்ச மரத்தடியில் பட்ட பிரசவ வேதனையை அருள்மறை மறைக்கவில்லை. அவ்வேளையில் நீரும் கனியும் அருளப்பட்டதையும் சேர்த்தே கூறுகிறது.

மற்றொரு தடை நாணம். ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ இதனை நன்கறிந்தவர். பெண்களின் சிறுநீர்ப்பைக் கல்லை, தேர்ந்த மருத்துவச்சியின் கையாலேயே அகற்றச் செய்யும் முறையைத் தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் விளக்கினார். நாணத்தையும் காத்தார், நோயாளியையும் கைவிடவில்லை.

நம் மண்ணிலும் அவ்வழி திறந்தது. பர்தா பேணும் பெண்களுக்காக டாக்டர் மேரி ஷார்லீப் 1885இல் சென்னையில் மருத்துவமனை கண்டார். திருவல்லிக்கேணியில் மக்கள் நாவில் இன்றும் அது ‘கோஷா ஆஸ்பத்திரி’தான். அடுத்த பத்தாண்டில் திண்டிவனத்தில் ஓர் இரவு, பிரசவத்தில் துடிக்கும் மனைவியரைக் காக்க வருமாறு மூவர் இளம்பெண் ஐடா ஸ்கடரை அழைத்தனர். அவர்களுள் ஒருவர் முஸ்லிம். ஐடா அப்போது மருத்துவம் படிக்காதவர். மருத்துவரான அவருடைய தந்தையை ஆண் என்பதால் மூவரும் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அந்த இரவே ஐடாவை மருத்துவராக்கியது. பின்னாளில் பால் பிராண்ட் பணியாற்றிய வேலூர் மருத்துவமனை அவர் நிறுவியதே.

இன்று பெண் மருத்துவர்கள் பலர் உள்ளனர். அறுவை முறையும் மாறிவிட்டது. லேப்ராஸ்கோப்பி முறையை வளர்த்தெடுத்தோருள் முன்னோடி, ஜெர்மனியின் கீல் நகர மகப்பேறு மருத்துவர் கர்ட் செம். வயிற்றில் கரியமில வாயுவைச் செலுத்தி, ஏறக்குறைய அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் நுழைத்துக் கட்டிகளை அகற்றுகின்றனர். பெரிய கீறலோடு ஒப்பிட்டால் வலி குறைவு. மருத்துவமனையில் தங்கும் நாட்களும் குறைவு. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குத் திரும்பும் ஒரு தாய்க்கு இது சிறிய விஷயமன்று.

ஆயினும் வலியே இராது என எண்ணலாகாது. செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கலாம். வலி முற்றும்வரை காத்திராமல், மருத்துவர் சொன்ன வேளை தவறாது மாத்திரை கொடுப்பது நலம். இம்முறை எல்லோருக்கும் பொருந்தாது. அதனை மருத்துவரே முடிவு செய்வார்.

கணவன்மார்களே, தந்தையரே! வீட்டுப் பெண்களிடம் மாதவிடாய் வலியையும் மிகுந்த உதிரப்போக்கையும் பரிவோடு கேட்டறியுங்கள். காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். திண்டிவனத்து இரவு நம் எவர் வீட்டிலும் திரும்ப வேண்டாம். வல்ல அல்லாஹ் நம் பெண்மக்களுக்குப் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.