கிளி அலகின் மிகைவளர்ச்சி

கூண்டிலே வளர்க்கப்படும் கிளிகளுக்கு, சிறப்பாக ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜரிகர் என்னும் சிறு கிளிக்கு, அலகு இயல்பான அளவைக் கடந்து நீண்டோ கோணியோ போகும் நிலை. தாடையெலும்பின்மீது, நம் நகத்திற்கும் ஆதாரமான கெரட்டின் என்னும் பொருளாற் போர்த்தப்பட்டுள்ள அலகு, ஆயுள் முழுதும் இடையறாது வளர்வதாகலின், மரத்தைக் கடித்தும் ஈரலகுகளை ஒன்றோடொன்று உராய்த்தும் பறவை தானே அதனைத் தேய்த்துக்கொள்வது சிருஷ்டியின் ஏற்பாடு. ஆரோக்கியமான கிளிக்கு, நஞ்சற்ற மரக்கிளையொன்றும் கணவாய் ஓடும் கூண்டில் வைப்பதன்றி, மனிதன் செய்யவேண்டுவது அநேகமாக ஒன்றுமில்லை.

ஆகவே நீண்ட அலகை வெறும் அழகுக் குறையென்று கருதிவிடலாகாது. சதா விதையையே தின்று கொழுத்த பறவையின் ஈரலிற் கொழுப்பு மண்டுவது இதன் பிரதான காரணங்களுள் ஒன்று. அத்தகைய அலகில் கருமையான இரத்தக்கசிவுப் புள்ளிகளும் காணப்படுவதுண்டு. நெமிடோகாப்டஸ் என்னும் நுண்ணிய சிற்றுண்ணி அலகடியைத் துளைத்து, தேனடைபோன்ற சாம்பல்நிறச் செதில்களை உண்டாக்கி, நாளடைவில் வடிவத்தையே சிதைப்பது பட்ஜரிகரிடம் சாதாரணம். இதற்கு ஐவர்மெக்டின் என்னும் மருந்து நற்பயன் தரும். வைட்டமின் ஏ குறைவும் பழைய காயமும் பிற ஹேதுக்கள்.

அலகினுள்ளே இரத்தக்குழாய்களும் நரம்புகளும் ஓடுவதால், வீட்டு நகவெட்டியைக் கொண்டு நறுக்கத் துணிவது, எவ்வளவு அன்பினாற் செய்யினும், குரூரமே. பிளவும் இரத்தப்பெருக்கும் நேரிடலாம். பறவைகளிற் பயிற்சியுள்ள கால்நடை வைத்தியர், சுழலும் அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்ப்பார். மூலகாரணமான நோய் தீராதவரை இச்சிகிச்சையை மீண்டும் மீண்டும் செய்யவேண்டியிருக்கும்.