குதிரைக் குட்டிக்கு முதல் சேணம்: எந்த வயதில் போடணும், எப்படிப் பழக்கணும்? தேனி மலைப்பாதையும் சட்டம் சொல்வதும்

தேர்தல் வந்தால் டிவியில் தவறாமல் வரும் காட்சி ஒன்று உண்டு. தேனி மாவட்டம் போடி பக்கத்து மலை கிராமங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில் ஏறிப் போகும். மற்ற நாட்களில் அதே முதுகில் அரிசியும் மளிகையும் மேலே போகும். காப்பி, மிளகு, ஏலக்காய் மூட்டைகள் கீழே இறங்கும்.

இந்தக் குதிரைகள் எதுவும் பிறக்கும்போதே சுமைக்குப் பழகியவை இல்லை. ஏதோ ஒரு நாள் முதல்முறையாக முதுகில் சேணம் ஏறும். அதைப் பொறுமையா செய்தால் குதிரை பல வருஷம் நின்று உழைக்கும். அவசரப்பட்டால் முதுகும் போகும், மனுஷன் மேல் இருக்கிற நம்பிக்கையும் போகும். எப்படிச் செய்வது? சட்டம் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

இங்கே குதிரை எதற்கு?

கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றி மூன்று பக்கமும் மலை. மூணாறு தேயிலையைக் கீழே கொண்டுவர ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷன் வரை ரயிலும், அங்கிருந்து கொட்டகுடி வரை ரோப்வேயும் இருந்தன. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்துவிட்டது. போடி, பெரியகுளம் பக்கத்து மலைகளில் வண்டி ஏற முடியாத பாதைகளில் இன்றும் குதிரையும் கோவேறு கழுதையும்தான் லாரி. கும்பக்கரை பக்கம் இருந்து மேலே இருக்கும் வெள்ளகெவி கிராமத்துக்கும் சாமான்கள் இப்படித்தான் போகின்றன.

எந்த வயதில் தொடங்கலாம்?

இரண்டு வயதுக் குட்டி பார்க்கப் பெரிய குதிரை மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே எலும்பு இன்னும் முற்றியிருக்காது. கால் எலும்புகள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக முற்றும். முன்னங்கால் முட்டிப் பகுதி முற்றவே சுமார் இரண்டரை வயது ஆகும். கடைசியாக முற்றுவது முதுகெலும்பு. அதற்கு ஐந்து வயதுக்கு மேல் ஆகலாம். சுமை உட்காருவதோ அதே முதுகில்தான்.

அதனால் குட்டியிலேயே தொட்டுப் பழக்கலாம், கயிறு பிடித்து நடக்கப் பழக்கலாம். வெறும் சேணத்தை மூன்று வயதை ஒட்டிப் போடலாம். முழுச் சுமைக்கு மட்டும் அவசரமே கூடாது.

'ரேஸ் குதிரை இரண்டு வயதிலேயே ஓடுதே?' என்று கேட்கலாம். அது சரியா என்பதே உலகம் முழுக்க விவாதத்தில் இருக்கிறது. தவிர, ரேஸில் எடை குறைந்த ஜாக்கி சில நிமிஷம்தான் உட்காருவார். மலைப்பாதையில் மூட்டை மணிக்கணக்கில் இருக்கும்.

வயதை எப்படித் தெரிந்துகொள்வது? பல்லைப் பார்த்துத்தான். முன்பக்கத்தில் நடுப் பால் பற்கள் சுமார் இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓரப் பற்கள் நாலரையிலும் விழுந்து முளைக்கும். தானம் வந்த மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டாம். காசு கொடுத்து வாங்கும் குதிரைக்குக் கட்டாயம் பார்க்கணும்.

சேணத்தைப் பார்த்தால் ஏன் மிரளும்?

குதிரை இரையாக வாழ்ந்த விலங்கு. வேட்டை மிருகம் முதுகில் பாய்ந்து பிடிக்கும் என்பது அதன் ரத்தத்தில் ஊறிய பயம். முதுகில் ஏதாவது விழுந்து, வயிற்றை ஏதாவது இறுக்கினால் துள்ளி உதறத்தான் செய்யும். அதைத் திமிர் என்று நினைத்து அடித்தால், 'சேணம் வந்தால் வலி வரும்' என்பது உறுதியாகிவிடும்.

படிப்படியாகப் பழக்குவது எப்படி?

1. தொடுதல்: கழுத்து, முதுகு, வயிறு, கால் என்று தினமும் தடவிப் பழக்கணும். நேர் பின்னால் இருந்து போகக் கூடாது. அங்கே அதற்குக் கண் தெரியாது.

2. துணி: மடித்த சாக்கையோ கம்பளியையோ முதலில் மோந்து பார்க்க விடணும். பிறகு மெதுவாக முதுகில் வைத்து எடுக்கணும். இரண்டு பக்கமும் இருந்து செய்யணும்.

3. வயிற்றுப் பட்டை: வெறும் சேணத்தை வைத்து, பட்டையை லேசாகக் கட்டி நாலு அடி நடத்தணும். பிறகு கொஞ்சம் இறுக்கணும். ஒரே இழுப்பில் இறுக்குவதுதான் பலரும் செய்யும் தப்பு.

4. வெறும் சேணத்தோடு நடை: சத்தம், ஆட்டம் எல்லாம் பழகும் வரை சமதளத்தில் சில நாட்கள் நடத்தணும்.

5. லேசான சுமை: இரண்டு பக்கமும் வைக்கோல் அடைத்த சாக்கு கட்டலாம். உடம்பு அகலமாகிவிட்டது, மரத்தில் உரசும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது இங்கேதான்.

6. மலைப்பாதை: பழகிய குதிரைக்குப் பின்னால் விட்டால் குட்டி தைரியமாக ஏறும். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டணும்.

காதைப் பின்னால் மடக்குவது, வாலை வேகமாக வீசுவது, பட்டை கட்டும்போது திரும்பிக் கடிக்க வருவது எல்லாம் 'போதும்' என்று அது சொல்லும் பாஷை. அப்போது ஒரு படி கீழே இறங்கிவிட வேண்டும். ஒரு தடவைக்கு இருபது நிமிஷம் போதும்.

மலைக்குத் தனிக் கவனம்

ஏற்றத்தில் சேணம் பின்னால் சரியும். இறக்கத்தில் கழுத்துப் பக்கம் சரியும். அதனால் நெஞ்சு வாரும், பின்தொடையைச் சுற்றிய வாரும் அவசியம். மேலே உட்காரும் ஆள் வளைவுக்குத் தகுந்த மாதிரி சாய்ந்து கொடுப்பார், மூட்டை அப்படிச் செய்யாது. எனவே இரண்டு பக்க எடையும் சமமாக இருக்கணும்.

எவ்வளவு எடை ஏற்றலாம்?

சுமை இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான 1965 விதிகளின்படி:

- மட்டக்குதிரைக்கு அதிகபட்சம் 70 கிலோ.
- கோவேறு கழுதைக்கு 200 கிலோ, கழுதைக்கு 50 கிலோ.
- ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் கூடாது.
- வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை வேலை கூடாது.
- சேணத்தின் வளைவுக்கும் குதிரையின் தோள் மேட்டுக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும்.
- முள் வைத்த கடிவாளம் கூடாது.

அதாவது, மட்டக்குதிரை மேல் 50 கிலோ அரிசி மூட்டை இரண்டை ஏற்றினாலே விதிமீறல்தான்.

வயதாலோ நோயாலோ புண்ணாலோ வேலைக்குத் தகுதியில்லாத விலங்கிடம் வேலை வாங்குவது, 1960-ம் ஆண்டு விலங்குகள் வதை தடுப்புச் சட்டப்படி குற்றம். தண்டனை? முதல் முறைக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். ஒரு பிளேட் பிரியாணி விலை கூட இல்லை. அதனால் அபராதத்துக்குப் பயந்து யாரும் மாறப் போவதில்லை. குதிரையை வைத்திருப்பவரின் பொறுமைதான் அதற்குப் பாதுகாப்பு.

நீங்க என்ன பார்க்கணும்?

குதிரை வாங்கப் போனாலும் சரி, கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரி போனாலும் சரி, முதுகைப் பாருங்க. சேணம் உட்காரும் இடத்தில் வெள்ளை முடித் திட்டுகள் இருந்தால் அங்கே எப்போதோ அழுத்தமோ புண்ணோ இருந்திருக்கலாம். சேணத்தைக் கழற்றியதும் வியர்வைக்கு நடுவே ஒரு இடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே சேணம் அழுத்துகிறது என்று சந்தேகப்படணும். புதுப் புண் இருந்தால் ஏறாதீங்க.

தேனி மாவட்டத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் பல்லும் முதுகும் காட்டி, சுமைக்குத் தயாரா என்று கேட்டுக்கொள்ளலாம். வீரபாண்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

இன்னொரு வருஷம் காத்திருந்தால் ஒரு வருஷ வருமானம் போகுமே என்று தோன்றலாம். ஆனால் மூன்று வயதில் முதுகு உடைந்த குதிரைக்கு, ஐந்து வயதில் என்ன தீனி போட்டாலும் அந்த முதுகு திரும்ப வராது.