கடன் வாங்கிய மூச்சு

திண்டிவனத்தில் இருக்கும் மாமா பையன் காயலான் கடையிலிருந்து ஒரு டர்போ வாங்கி வந்தான். ஏதோ டீசல் காரில் கழற்றியது. அவனுடையது பழைய பெட்ரோல் கார். கல்யாணம், ஆஸ்பத்திரி என்று வாடகைக்கு ஓட்டித்தான் குடும்பம் நடக்கிறது. "ஏசி போட்டு அஞ்சு பேர் ஏறினா விழுப்புரம் போறதுக்குள்ள மூச்சு வாங்குது மாப்ள. இதை மாட்டிட்டா பறக்கும்ல? நீதான் இன்ஜினியராச்சே, சொல்லு."

அவன் கையில் ஒரு உதாரணமும் இருந்தது. மீட்டர்கேஜ் காலத்தில் சென்னையிலிருந்து வரும் ரயில்களுக்கு விழுப்புரத்தில் மின்சார எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். அந்த ஒய்டிஎம்-4 எஞ்சினுக்கு ஆறே சிலிண்டர், 1400 குதிரைசக்தி. அதிலும் டர்போதான். ஆனால் அது பிறக்கும்போதே டர்போவோடு பிறந்தது. அதைவிட முக்கியம், அது டீசல்.

வீணாக வெளியேறும் புகையை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுற்றி, அந்தச் சுழற்சியால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளலாம் என்று சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃப்ரெட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்றார். டீசலுக்கு இது இயல்பாகப் பொருந்தியது. டீசல் எஞ்சினில் முதலில் காற்றை மட்டும் அழுத்துகிறோம். எரிபொருள் கடைசியில்தான் உள்ளே வருகிறது. சாதாரண பெட்ரோல் எஞ்சினில் இரண்டும் கலந்தே அழுந்துகின்றன. அழுத்தம் கூடினால் சூடு கூடும். சூடு எல்லை தாண்டினால் கலவை நேரம் கெட்டு, தானே வெடிக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதைத்தான். தொடர்ந்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

இந்த ஆசை அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைலுக்கும் வந்தது. 1962இல் தன் மூன்றரை லிட்டர் வி8 எஞ்சினில் டர்போவை மாட்டி 'ஜெட்ஃபயர்' என்று விற்றது. 185 குதிரைசக்தி 215 ஆனது. ஆனால் கம்ப்ரெஷன் ரேஷியோவை 10.25லிருந்து குறைக்கவில்லை. நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் பீய்ச்சினார்கள். அதற்குத் தனி டேங்க். அது காலியானால் டர்போவின் அழுத்தத்தை ஒரு வால்வு கட்டுப்படுத்திவிடும். பெட்ரோல் போட மறக்காத மனிதர்கள் இந்தத் தண்ணீரை ஊற்ற மறந்தார்கள். "கார் இழுக்கவில்லை" என்று புகார்கள். இரண்டு வருஷத்தில் பத்தாயிரம்கூட விற்கவில்லை. பிறகு பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டரையே மாட்டினார்கள்.

பதினைந்து வருஷம் கழித்து ஸ்வீடனின் சாப், 99 டர்போவில் கம்ப்ரெஷனை 7.2க்கு இறக்கியது. மிஞ்சும் புகையைத் திருப்பிவிட ஒரு வால்வும் வைத்தது. இன்று சாலையில் ஓடும் டர்போ பெட்ரோல் கார்கள் இந்த வழியில் வந்தவை. அதாவது, டர்போவை எஞ்சினுக்குக் கொடுக்கவில்லை. டர்போவுக்காக எஞ்சினை மாற்றினார்கள்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். பிஸ்டன், ஹெட் கேஸ்கெட், டர்போவுக்குத் தனி ஆயில் லைன், பெட்ரோல் அளவை மாற்றும் ஈசியூ வேலை, ஆர்டிஓ அனுமதி என்று கணக்குப் போட்டோம். காரின் விலையைத் தாண்டியது. பிஸ்டன் போனால் முகூர்த்த மாதம் முழுக்க வண்டி ஷெட்டில் கிடக்கும் என்பதை நான் சொல்லவில்லை. அது அவனுக்கே தெரியும்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டான்: "காயலான் கடைக்காரன் இதைத் திருப்பி எடுத்துப்பானா மாப்ள?"