கைக் கியர்க் கோலின் கதை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் நுழைகிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து பூவாற்றுக்குச் செல்லும் கிளைவழியை ஒட்டித் திருப்புறம் முதலிய சிற்றூர்கள் அமைந்துள்ளன. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படும் அந்த எல்லைப்புறத்தை விட்டுப் பம்பாயிலும் கல்கத்தாவிலும் டில்லியிலும் குடியேறிய அன்பர்களுள் மோட்டார் ஓட்டிப் பிழைத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு ‘ஹேண்ட் கியர்’ என்னும் சொல் புதிதன்று. ஸ்டீயரிங் சக்கரத்தின் அடியில், தண்டிலிருந்து பக்கவாட்டில் நீண்டிருக்கும் கியர்க் கோலையே அவர்கள் அப்பெயரால் அழைத்தனர். அக்கோல் அங்கே வந்த வரலாற்றையும், தேய்ந்து தளர்ந்தபோது அதை மீட்ட முறையையும் இங்கே கூற விழைகின்றேன்.

மோட்டார் வண்டியின் தொடக்க நாட்களில் கியர்க் கோல் பல வண்டிகளில் ஓட்டுபவரின் வலப்புறத்தே, கதவை ஒட்டி நின்றது. பின்னர் அது வண்டியின் நடுவே, கியர்ப்பெட்டியின் மேல் வந்து அமர்ந்தது. பெட்டிக்கு நேர் மேலே நின்ற கோலுக்குத் தொல்லை குறைவு. கை தள்ளியதைப் பெட்டி அப்படியே ஏற்றது. ஆனால், முன் இருக்கையில் மூவர் உட்கார விரும்பிய காலத்தில், நடுவே அமர்ந்தவரின் முழங்காலுக்கு அக்கோல் பகையாயிற்று. 1938-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாண்டியாக் வண்டிகளில், விரும்பியவர்க்கு மட்டும், ஸ்டீயரிங் தண்டில் பொருத்திய கியர்க் கோல் வழங்கப்பெற்றது. அடுத்த ஆண்டிலேயே அமெரிக்கக் கார்களுள் பெரும்பாலானவை அதனை மேற்கொண்டன. 1928-இல் காடிலாக் கொண்டுவந்த ‘சிங்க்ரோமெஷ்’ கியர்ப்பெட்டியும் இதற்குத் துணை நின்றது எனலாம். பல்லோடு பல் மோதாமல் கியர் விழத் தொடங்கியபின், கோலை உந்துவதற்குத் தோள்வலிமை தேவைப்படவில்லை.

சரக்கு வண்டிகளுக்கு இவ்வழக்கம் முழுமையாக வரவில்லை. 1948-இல் ஷெவர்லே கம்பெனி தன் அரை டன் லாரியின் மூன்று கியர்க் கோலைத் தண்டில் ஏற்றியது. கனத்த லாரிகளின் நான்கு கியர்ப்பெட்டிகளோ தரைக்கோலையே வைத்துக்கொண்டன. ‘பிக்கப்’ என்று நாம் சொல்லும் சிறு சரக்கு வண்டி மட்டும் காரின் சொகுசையும் காரின் நோயையும் ஒருங்கே பெற்றது.

அந்த நோய் யாது? தண்டினுள் ஒரு குழாய் செல்கிறது. கோலைத் தம்பக்கம் தூக்கினால் முதற்கியரும் ரிவர்ஸும் ஒரு வழி. தூக்காமல் விட்டால் இரண்டும் மூன்றும் மற்றொரு வழி. குழாயின் அடியில் உள்ள குறுக்காணி இரண்டு சிறு இரும்புக் கைகளுள் ஏதேனும் ஒன்றின் வெட்டில் சென்று மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கையிலிருந்தும் ஒரு கம்பி கியர்ப்பெட்டியின் விலாவுக்கு ஓடும். ஆக, ஓட்டுபவரின் விரலுக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே அரை டஜன் மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஆணியும் ஒரு துளையும், இரண்டும் தேயும். தண்டின் அடியில் உள்ள கை 2 அங்குலம், மேலே உள்ள கோல் 10 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கீழே 1 மில்லிமீட்டர் தளர்ந்தால் மேலே கைப்பிடி 5 மில்லிமீட்டர் ஆடும். நான்கு மூட்டுகள் அவ்வாறு தளர்ந்தால் 20 மில்லிமீட்டர். கியர் விழுந்ததா இல்லையா என்று ஓட்டுபவருக்கே தெரியாத நிலை அது.

இதைவிடக் கொடியது வேறொன்று உண்டு. குறுக்காணி ஒரு வெட்டை முழுதும் விட்டு நீங்குமுன் மற்றதில் நுழைந்துவிடும். இரண்டு கைகளும் கோணி நிற்க, வண்டி நடுச்சாலையில் பூட்டியதுபோல் நின்றுவிடும். சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்பவனுக்கு இது ஒரு நாளைய கூலி. அப்போது கோலைப் பிடித்து ஆத்திரத்தோடு உலுக்குவது வளைந்த கம்பியையே மிச்சமாக்கும். அறிந்தவர் எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பானெட்டைத் திறந்து, தண்டின் அடியில் கோணி நிற்கும் கையைத் தள்ளி மற்றதற்கு நேராக்குவர். வண்டி நகரும், நோய் தீர்ந்துவிடாது.

நம் நாட்டில் இந்நோய்க்கு மருந்து எளிதில் கிடைக்காமற் போனதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் பாகங்களை இணைத்து வண்டி செய்யத் தொடங்கியது. 1953-இல், உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத இணைப்புத் தொழிற்சாலைகள் மூடப்படவேண்டும் என்று இந்திய அரசு முடிவு செய்தது. மறு ஆண்டு அத்தொழிற்சாலை மூடப்பட்டது. கம்பெனி போயிற்று, அது விற்ற வண்டிகள் சாலையில் நின்றன. இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நடுவே ஓரணா மதிப்புள்ள புஷ்ஷுக்காக அமெரிக்காவுக்கு எழுதிக் காத்திருக்க யாரால் முடியும்? கடைசல் பட்டறையே கம்பெனியாயிற்று.

தெற்குச் சாலைக்கு இயந்திர வண்டி புதிதன்று. திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறை 1938 பிப்ரவரி 20 அன்று தொடங்கப்பெற்றபோது, அதன் முதல் தடம் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு இவ்வழியே சென்றது. லண்டன் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய சால்ட்டர் என்பவர் அதற்குக் கண்காணிப்பாளராக இருந்தார். இங்கிலாந்திலிருந்து வந்த காமர் சேஸிஸ்களுக்கு இங்கேயே உடற்கூடு கட்டப்பெற்றது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பெர்மிட்டும் சோதனைச் சாவடியும் இரண்டாயின. ஆயினும் புஷ்ஷைப் புஷ் என்றுதான் இருபுறத்துப் பட்டறைகளிலும் சொல்கிறார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

இனிச் செப்பனிடும் முறை. பெரும்பாலோர் செய்யும் தவறு, தேய்ந்த மூட்டை அப்படியே விட்டுக் கம்பியின் நீளத்தை மட்டும் திருகிச் சரிசெய்வதாகும். ஒரு கியர் சரியாகும், மற்றொன்று கெடும். முதலில் ஒருவர் உள்ளே அமர்ந்து கோலை மெல்ல அசைக்க, மற்றொருவர் எஞ்சின் நின்ற நிலையில் ஒவ்வொரு மூட்டையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆட்டம் எங்கே பிறக்கிறது என்பதை விரல் சொல்லிவிடும். கோலின் தலையில் உள்ள ஆணியைப் பலர் பார்ப்பதே இல்லை. என் கருத்தில், பாதிக் குற்றம் அங்கேதான் இருக்கிறது.

முட்டை வடிவாக நீண்டுபோன துளையை அளந்து வட்டமாகப் பெரிதாக்கி, வெண்கலத்தில் புஷ் கடைந்து இறக்குவார்கள். துளை மிகவும் கெட்டிருந்தால் வெல்டிங் வைத்து நிரப்பிப் புதிதாகத் துளையிடுவார்கள். ஆணி புதிதாக இருக்கவேண்டும். பழைய ஆணிக்குப் புதிய புஷ் என்பது வீண் செலவு. மிக இறுக்கமான புஷ்ஷும் தவறு, கோல் தானாக நடுநிலைக்குத் திரும்பாது. குறுக்காணி மழுங்கியிருந்தால் அதையும், அது மாட்டும் வெட்டின் ஓரங்களையும் சீராக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின், பெட்டியை நியூட்ரலில் வைத்து, இரண்டு கைகளின் வெட்டுகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்குமாறு கம்பிகளைச் சரிசெய்ய வேண்டும். இக்கடைசி வேலைக்கு வேண்டுவது பொறுமையே.

இதே கலை பின்னர் அம்பாசடருக்கும் பியட்டுக்கும் பயன்பட்டது. அவற்றில் நான்கு கியர்கள், அமைப்பும் வேறு, ஆனால் ஆணியும் துளையும் தேய்வது ஒன்றே. பம்பாயில் வாழும் அன்பர்கள் பத்மினி டாக்சியின் ஓட்டுநர் கோலை ஒருமுறை மேலும் கீழும் ஆட்டிவிட்டுக் கியர் போடுவதைக் கண்டிருப்பார்கள். அந்த டாக்சிகள் 2023 அக்டோபரில் ஓய்ந்தன. அம்பாசடரில் 1990-களில் ஐசுசு எஞ்சினோடு கோல் தரைக்கு இறங்கியது. 2014-இல் உற்பத்தியே நின்றது. எஞ்சியிருக்கும் பழைய வண்டிகளுக்குக் கடைகளில் புஷ் தேடி அலைபவர்கள், கழற்றிய பழைய புஷ்ஷை எறிந்துவிடாமல் ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொள்வது நலம். கடைசல்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.