முத்திரையில் ஏறிய வாத்தியார்

2014 மார்ச்சில் அமெரிக்கத் தபால் சேவை 70 சதப் பெறுமதியான முத்திரை ஒன்றை வெளியிட்டது. அதில் இருப்பவர் சார்ள்ஸ் அல்பிரட் அன்டர்சன். போர்க்களத்தில் சண்டை விமானம் ஓட்டியவர் அல்ல, ஓட்டப் பழக்கியவர். மாணவர்களுக்கு அவர் 'சீஃப்'. முத்திரை வந்தபோது ஆள் இறந்து 18 வருடம் ஆகப்போகிறது.

அவருக்குப் பழக்க ஆரம்பத்தில் ஒருத்தரும் முன்வரவில்லை. கறுப்பினத்தவர் எண்டால் 1920களில் பறக்கும் பாடசாலைகள் கதவைச் சாத்தின. அன்டர்சன் கடன்பட்டு விமானத்தையே வாங்கிவிட்டார்! வயது 22. பெரும்பாலும் தானாகவே பழகி 1929இல் விமானி அனுமதிப்பத்திரம் எடுத்தார். பிறகு ஏர்ன்ஸ்ட் பியூல் என்ற ஜேர்மன் விமானி பழக்க, 1932இல் வர்த்தக அனுமதிப்பத்திரமும் கிடைத்தது.

1940இல் அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிறுவனம் அவரைத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக எடுத்தது. அடுத்த மார்ச்சில் ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அங்கே வந்தார். பாதுகாப்பு அதிகாரிகள் மறித்தும் கேளாமல் அன்டர்சனின் சின்ன விமானத்தில் ஏறி ஒரு சுற்றுப் பறந்தார். அந்தப் படம் இன்றைக்கும் பிரபலம்.

இந்த ஒரு பறப்பால்தான் கறுப்பின விமானப்படை அணி பிறந்தது எண்டு கனபேர் எழுதுகிறார்கள். எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. அணி அமைக்கப்படும் எண்டு இராணுவம் ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. கறுப்பினப் பத்திரிகைகளும் அமைப்புகளும் வருடக்கணக்காக நெருக்கியதன் பலன் அது. ரூஸ்வெல்ட்டின் வருகையும் சும்மா போகவில்லைதான். அவர் அறங்காவலராக இருந்த ரோசன்வால்ட் நிதியம் மொட்டன் பீல்ட் விமானத்தளம் கட்ட 175,000 டொலர் கடன் கொடுத்தது. ஆனால் ஒரு சீமாட்டியின் பெருந்தன்மையாகக் கதையைச் சுருக்கினால், தளத்தில் நாள்தோறும் நடந்த வேலை மறைந்துவிடும்.

புதுப் பொடியன்களுக்கு முதற்கட்டப் பயிற்சி மொட்டன் பீல்டில்தான். அங்கே பழக்கியவர்கள் அன்டர்சனின் கீழிருந்த கறுப்பினச் சிவிலியன் பயிற்றுவிப்பாளர்கள். அதைத் தாண்டினால்தான் இராணுவத் தளத்துக்குப் போகலாம். 1946 வரையில் கிட்டத்தட்ட 1,000 பேர் டஸ்கீகியில் விமானிகளாகத் தேறினார்கள்.

போர் முடிந்து வந்தவர்களைப் பெரிய விமானக் கம்பனிகள் விமானிகளாகச் சேர்க்கவில்லை. அதற்கு 1960கள் வரவேண்டியிருந்தது. அன்டர்சன் டஸ்கீகியிலேயே தங்கி, வந்தவர்களுக்கெல்லாம் பழக்கிக்கொண்டிருந்தார். 1996இல் இறந்ததும் அந்த ஊரில்தான்.