உள்ளகப் பயிற்சி நேர்காணல் – தருமபுரி மாவட்டம்

உள்ளகப் பயிற்சி நேர்காணல் என்பது, படிக்கும் காலத்திலோ படிப்பை முடித்த சூட்டிலோ ஒரு நிறுவனத்தில் சில வாரங்கள் முதல் ஓராண்டு வரை இருந்து வேலை பழக விரும்புவோரைத் தேர்ந்தெடுக்க அந்நிறுவனம் நடத்தும் உரையாடலாகும். மாணவர் பேச்சில் இது இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரி மாவட்டத்தின் பெருந்தொழில் நகராக விளங்கிய ஓசூர், 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது எல்லைக்கு அப்பால் போய்விட்டது. ஆதலால் அரூர், பென்னாகரம், பாலக்கோடு பகுதி மாணவருக்குப் பெருநிறுவன நேர்காணல் பெரும்பாலும் ஓசூருக்கோ பெங்களூருக்கோ செல்லும் பேருந்துப் பயணமாகவோ, கைபேசித் திரையில் நிகழும் காணொலிச் சந்திப்பாகவோ அமைகிறது.

எதற்காக நேர்காணல் என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். தொழில்பழகுநர் பயிற்சி (அப்ரண்டிஸ்) 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், ஒப்பந்தமும் குறைந்தபட்ச உதவித்தொகையும் உடையது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரர்களையும் அதற்குள் கொண்டுவந்தது. கல்லூரி வழியாகச் செல்லும் உள்ளகப் பயிற்சியோ பெரும்பாலும் நிறுவனம் தரும் கடிதத்தையே நம்பியிருப்பதால், உதவித்தொகை இல்லாமலும் போகலாம். 2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டம், முழுநேரப் படிப்பிலோ வேலையிலோ இல்லாத 21 முதல் 24 வயதினருக்கு மாதம் 5,000 ரூபாயும் ஒருமுறை 6,000 ரூபாயும் தருவதாக அறிவிக்கப்பட்டது.

தேர்வு முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும், கணக்கும் தருக்கமும் கலந்த திறனறித் தேர்வு (ஆப்டிட்யூட்), பாட அறிவைச் சோதிக்கும் தொழில்நுட்பச் சுற்று, மனிதவளத் துறையின் பொது உரையாடல் ஆகியவை வழக்கமானவை. முன் அனுபவத்தை எவரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை என்பதால், தன்விவரக் குறிப்பில் எழுதியுள்ள செயல்திட்டமே (புராஜெக்ட்) கேள்விகளின் ஊற்றாகிறது. நால்வர் சேர்ந்து செய்ததில் இவர் செய்தது எது, ஏன் அந்த வழி, எங்கே தவறியது என்று அடுக்கடுக்காகக் கேட்கும்போது, விலைக்கு வாங்கிய செயல்திட்டம் மூன்றாம் கேள்விக்குத் தாங்குவதில்லை.

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்னும் தொடக்கக் கேள்விக்கு மனப்பாட ஆங்கிலத்தில் பெயர், ஊர், பெற்றோர் தொழில் என ஒப்பிப்பது பரவலான பழக்கம். நேரம் வீணாவதைத் தவிர அதனால் பயனில்லை. மாறாக, இம்மாவட்டமே நல்ல விடைகளைத் தரக்கூடியது. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பதும், அதற்கு மாற்றாக ஜப்பானிய நிதியுதவியுடன் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும், தேசிய நெடுஞ்சாலை 44இல் விபத்துக்குப் பெயர்போன தொப்பூர் கணவாயின் சரிவும், பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தையின் விலை ஏற்ற இறக்கமும் கட்டுமானம், வேதியியல், வணிகவியல் மாணவர்கள் தம் பாடத்தோடு பொருத்திப் பேசத்தக்கவை. ஆங்கிலம் தடுமாறினால் சிறு வாக்கியங்களில் நிறுத்திப் பேசலாம். தெரியாததைத் தெரியாது என்பது ஊகித்து உளறுவதைவிட மேலாகக் கருதப்படுகிறது.

முடிவில் ‘ஏதேனும் கேட்க வேண்டுமா’ என்பார்கள். கூச்சத்தால் பலர் இல்லை என்றுவிடுகின்றனர். பயிற்சிக் காலம், வழிகாட்டப்போகும் அலுவலர், சான்றிதழ், உதவித்தொகை ஆகியவற்றை அப்போதே கேட்பது முறைதான். வைப்புத்தொகை அல்லது பயிற்சிக் கட்டணம் கேட்கப்பட்டால் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலரிடம் உறுதி செய்துகொள்ளாமல் பணம் கட்டலாகாது. நாள்தோறும் வந்து திரும்ப இயலாத தொலைவு எனில், அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக உதவித்தொகையில் என்ன மிஞ்சும் என்ற கணக்கைச் சம்மதம் சொல்வதற்கு முன்பே வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.