மூன்றாவது பத்தி

1990களின் தொடக்கத்தில், கிள்ளானில் மாமா வீட்டுக் கணினியில் நான் ரயில்வே முதலாளி ஆனேன். சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கி 1990இல் வெளிவந்த 'ரெயில்ரோடு டைக்கூன்' என்ற விளையாட்டு அது. தொடங்கும்போது கையில் பத்து லட்சம் டாலர் இருக்கும். பாதி பங்குப் பணம், பாதி கடன். தண்டவாளம் போட்டு, நிலையம் கட்டி, நிலக்கரியும் தபாலும் ஏற்றி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். வரவு குறைந்தால் பங்கு விலை சரியும். போட்டி முதலாளிகள் நம் பங்குகளை வாங்கிக் குவிப்பார்கள். கம்பெனி கையைவிட்டுப் போகும்.

முப்பது ஆண்டு கழித்து, மெல்பர்னில் என் மகளுக்கு அதே விளையாட்டைக் கற்றுக்கொடுத்தேன். அமெரிக்காவுக்கு இரண்டு, இங்கிலாந்துக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று என நான்கே வரைபடங்கள்.

"இந்தியா இல்லையாப்பா?"

"இல்லம்மா. இருந்தா விதியையே மாத்தணும்."

ஏன் என்று விடாமல் கேட்டாள்.

1840களில் இந்தியாவில் ரயில் போட லண்டன் முதலீட்டாளர்கள் தயங்கினார்கள். தூர தேசம், தெரியாத மண், லாபம் வருமா என்ற சந்தேகம். அந்தத் தயக்கத்தைப் போக்க, கிழக்கிந்தியக் கம்பெனி 1849இல் ஓர் உத்தரவாதம் தந்தது. ரயில்வே கம்பெனி போடும் முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி நிச்சயம், நிலம் இலவசம். ரயில் ஓடிச் சம்பாதித்தது அந்த 5 சதவீதத்தை எட்டாவிட்டால், மிச்சத்தை இந்திய வருவாயிலிருந்து அரசே கட்டும். அன்றைய இந்திய வருவாயில் பெரும்பங்கு நிலவரி. உப்புக்கும் வரி இருந்தது.

மகளுக்கு இது புரிய, ஒரு தாளில் மூன்று பத்திகள் போட்டோம்: வரவு, செலவு, ஊர்ப் பணம். பத்து லட்சம் முதலுக்கு இரண்டு ஆண்டு வட்டி ஒரு லட்சம். எங்கள் ரயில் சம்பாதித்தது நாற்பதாயிரம்தான். மீதி அறுபதாயிரத்தை மூன்றாவது பத்தியில் எழுதினோம். அடுத்த சுற்றிலேயே அவள் ஆட்டம் மாறிவிட்டது. அதுவரை மலிவான மரப்பாலம் போதும் என்று சிக்கனம் பிடித்தவள், ஆற்றுக்கு ஆறு கற்பாலமாகவே கட்டினாள். "எப்படியும் வட்டி வந்துடுமே, அப்புறம் என்ன?" என்றாள்.

வரலாற்றிலும் அதுதான் நடந்தது. மைலுக்குச் சுமார் 8,000 பவுண்டு ஆகும் என்று மதிப்பிட்ட பாதைகளுக்கு, சராசரியாக 18,000 பவுண்டு வரை செலவானது. இந்தியாவின் நிதி உறுப்பினராக இருந்த மாசி, 1872இல் நாடாளுமன்றக் குழுவின் முன் இதைச் சொன்னார்: 5 சதவீதம் உறுதியான பிறகு, தன் பணம் ஹூக்ளி ஆற்றில் போனாலும் செங்கல்லாக எழுந்தாலும் முதலீட்டாளருக்கு ஒன்றுதான். அதற்குள், 1869இல், அரசே ரயில் கட்டுவது என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். பழைய ஒப்பந்தங்களின் வட்டி மட்டும் தொடர்ந்தது.

தமிழ்நாட்டின் முதல் பயணிகள் ரயில் பாதை, 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. உத்தரவாதத்தில் நடந்த கம்பெனியின் பாதை அது. நாகப்பட்டினத்திலிருந்து 1861இல் தஞ்சாவூரையும் 1862இல் திருச்சியையும் எட்டிய பாதையும் அப்படியே.

அந்தக் கடைசிப் பாதைதான் எங்கள் குடும்பத்துக்கு வேண்டியது. 1920களில் என் தாத்தா திருவாரூரில் ரயிலேறி நாகப்பட்டினத்தில் இறங்கினார். அங்கிருந்து பினாங்குக்குக் கப்பல். அந்த ரயிலைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் வெள்ளைக்காரன் போட்டுக்கொடுத்தது என்பார். நன்றியோடுதான் சொல்வார். அந்த ரயில் இல்லையென்றால் நாங்கள் மலாயாவையும் பார்த்திருக்க மாட்டோம், மெல்பர்னையும் பார்த்திருக்க மாட்டோம். அது உண்மை. ஆனால், அவர் டிக்கெட் வாங்குவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, அவருடைய தாத்தாவைப் போன்றவர்கள் செலுத்திய நிலவரியிலிருந்து லண்டனுக்கு வட்டி போய்க்கொண்டிருந்தது என்பதும் உண்மை. இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மகள் மூன்றாவது பத்தியைக் கூட்டிப் பார்த்தாள். நாங்கள் தொடங்கிய முதலைவிட அது பெரிதாக இருந்தது.

"அப்போ இது யாரோட ரயில்ப்பா?" என்றாள்.